ரின் மீன் திறந்த வரலாறு

உணவைத் தகர ரின்னில் அடைக்கக் கண்டுபிடித்த வெள்ளைக்காரர்கள், அந்த ரின்னைத் திறக்க ஒரு கட்டரைக் கண்டுபிடிக்கப் பல பத்தாண்டுகள் எடுத்தார்களாம். அதுவரை உளியும் சுத்தியலும்தானாம். போன மாரியில் தொலைபேசியில் இதை வாசித்துவிட்டு, கொழும்புத்துறையில் அக்கா வீட்டுக் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று விழுந்து விழுந்து சிரித்தேன். காற்று பலமாக இருந்ததால் அத்தான் கடலுக்குப் போகவில்லை. அதனால் மீன் பிடிக்கிற வீட்டில் அன்றைக்கு ரின் மீன் கறி.

"சிரிச்சது காணும். கத்தியாலை இதை உடைச்சுத் தா" என்றாள் அக்கா.

"கனடாவிலை இருந்து உங்கடை மகள் அனுப்பின கட்டர் எங்கை?"

அது முன்னறைக் கண்ணாடி அலுமாரியில், மற்ற வெளிநாட்டுச் சாமான்களோடு, உறை பிரிக்காமல் இருந்தது.

"உது பாவிக்கிற சாமானே?"

பாவிக்காமல் அழகுக்கு வைக்கவா மகள் அனுப்பினாள் என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. அலுமாரியைத் திறந்து அதை எடுத்து வந்தேன். உறை தடித்த பிளாஸ்ரிக். நகமும் பல்லும் தோற்றன. கத்தி வழுக்கியது, கத்தரிக்கோல் வளைந்தது. பொறுமை கெட்ட அக்கா கத்தியைப் பறித்து, அம்மிக் குழவியால் அடித்து ரின்னை உடைத்து, மீனைச் சட்டியில் கொட்டினாள்.

அத்தான் எழும்பி வந்து, ரின்னின் மூடியைத் திருகி எடுத்தார். அதன் கூரான விளிம்பால் உறையை அறுத்து, கட்டரை என் கையில் தந்தார்.

திறப்பதற்கு வீட்டில் வேறு ரின் இல்லை.

அக்கா கட்டரில் ஒட்டிய மீன் எண்ணெயைத் துடைத்து, மறுபடி அலுமாரியில் வைத்துப் பூட்டினாள்.

"நான் அப்பவே சொன்னனான்தானே, உது பாவிக்கிற சாமான் இல்லையெண்டு."