துண்டு துண்டாக வந்த கொம்பியூட்டர்

எங்கள் வகுப்பில் தீவுப் பகுதியிலிருந்து வந்தவர்கள் இரண்டு பேர்தான். நான் ஊர்காவற்றுறை, அவன் நயினாதீவு. யாழ்ப்பாணத்துப் பெடியள் எங்கள் இருவரையும் ‘தீவார்’ என்று சேர்த்தே கூப்பிட்டதால், முதல் கிழமையிலேயே ஒரே வாங்கில் இருக்கப் பழகிவிட்டோம். 2005ஆம் ஆண்டு அது. சமாதானம் என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்தின் கடைசிப் பகுதி.

நாங்கள் படித்தது கொம்பியூட்டர். ஆனால் எங்களை ஒட்டவைத்தது படிப்பு அல்ல. பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு நெற் கபே இருந்தது. வகுப்பு முடிந்து பஸ் வரும்வரை அங்கே ஒரு கொம்பியூட்டருக்கு முன்னால் இரண்டு கதிரை போட்டுக் கார் ஓட்டுவோம். திரை நடுவில் பிரிந்து மேல் பாதியில் அவனுடைய கார், கீழ்ப் பாதியில் என்னுடையது. ஒரே கீபோட்டில் அவனுக்கு வலது பக்கம், எனக்கு இடது பக்கம். அவன்தான் எப்போதும் வெல்லுவான். வளைவுகளில் அந்தக் கொம்பியூட்டர் இழுக்கமாட்டாமல் படம் விட்டுவிட்டு வரும். அந்த இடைவெளியில் என் கார் மதிலில் போய் மோதும்.

சொந்தமாக ஒரு கொம்பியூட்டர் என்ற எண்ணம் அந்த மதிலில் மோதி மோதித்தான் வந்தது. இரண்டு பேரும் சேர்ந்து ஒன்று. கல்லூரி நடக்கும்போது எங்கள் வீட்டில், விடுமுறைக்கு அவன் வீட்டில். கடையில் பொருத்திப் பூட்டி விற்பதை வாங்குவதில்லை என்று அவன் முதலே முடிவெடுத்திருந்தான். அது கந்தோரில் தட்டச்சு வேலைக்கு என்பான். ஒவ்வொரு சாமானாகப் பார்த்து வாங்கி நாங்களே பூட்ட வேண்டும்.

குறிகாட்டுவான் பஸ்ஸில் வேலணை வரை ஒன்றாக வருவோம். பண்ணைப் பாலத்துக்கு அங்கால் சோதனைச்சாவடியில் எல்லாரும் இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, நடந்துபோய்த் திரும்ப ஏற வேண்டும். அந்த வரிசையிலும் அவன் கதையை விடமாட்டான். எங்கள் கையில் இருந்த காசுக்கு எல்லாம் வாங்க ஏலாது. எதை இப்போது விட்டு எதைப் பிறகு போடலாம் என்பதுதான் எங்கள் விவாதம்.

“மெமறி ராமைக் குறைச்சு எடுப்பம், அது பிறகும் போடலாம். பவர் சப்ளையிலை மட்டும் கஞ்சத்தனம் பாக்கக் கூடாது. எங்கட ஊர் ஜெனரேற்றர்க் கரண்டுக்கு மலிஞ்சது போட்டால் எல்லாம் ஒண்டா எரியும்” என்றான் ஒருநாள்.

நயினாதீவில் அப்போது பொழுதுபட்டால்தான் கரண்ட் வரும். அவன் சொன்னது சரிதான். திரையில் படத்தை ஓடவைக்கிற, விளையாட்டுக்கு உயிரான வீஜிஏ காட்டைக் கடைசிக்கு விட்டோம். அதைச் செருகுகிற இடம் உள்ள மதர்போட்டாக இப்போதே எடுத்துவிட வேண்டும், காசு சேரும்போது காட்டை வாங்கலாம் என்பது அவனுடைய கணக்கு.

அடுத்த ஆண்டு நடுப்பகுதியில் விடுமுறைக்கு அவன் கொழும்புக்குப் போனான். தகப்பன் இல்லாத பிள்ளை. தாய்மாமன் அங்கே கடை வைத்திருந்தார். கடையில் நின்று கொஞ்சம் உழைத்து, சாமான்களைக் கொழும்பு விலைக்கு வாங்கிக்கொண்டு வருவதாகத் திட்டம். என் பங்குக் காசையும் கொடுத்துவிட்டேன். அவன் போய்க் கொஞ்ச நாளில் சண்டை தொடங்கிப் பாதையைப் பூட்டிவிட்டார்கள். கொழும்பையும் யாழ்ப்பாணத்தையும் இணைத்த ஒரே தரைப்பாதை அதுதான். அதற்குப் பிறகு கப்பல் மட்டும். அதற்கும் அனுமதி எடுத்து மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அவன் அங்கே அகப்பட்டான், நான் இங்கே அகப்பட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து நான் ஊர்காவற்றுறைத் தொலைபேசிக் கடையில் போய் நிற்பேன். லைன் கிடைத்தால் அவன் எடுப்பான். இங்கே மாவுக்கும் சீனிக்கும் வரிசை, ஊரடங்கு, ஐயா கடலுக்குப் போகத் தடை. அவன் அதையெல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் கொம்பியூட்டருக்கு வந்துவிடுவான். எல்லாவற்றையும் ஒன்றாக அனுப்பினால் சோதனையில் கேள்வி வரும் என்று, கப்பலுக்கு வருகிற ஆட்களிடம் ஒவ்வொரு சாமானாகக் கொடுத்துவிடத் தொடங்கினான். முதலில் கேசிங் வந்தது, வெறும் வெளிப்பெட்டி. பிறகு பவர் சப்ளை. பிறகு மதர்போட், அதில் புறொசஸர் பூட்டியபடி, ஒரு பால்மாப் பெட்டிக்குள். ராமையும் ஹாட் டிஸ்க்கையும் கொடுத்தாயிற்று, ஆட்கள் கப்பலுக்குக் காத்திருக்கிறார்கள் என்றான். வீஜிஏ காட்டைப் பற்றிக் கேட்டேன். இன்னும் காசு சேரவில்லை என்று சொன்னான்.

மார்கழியில் நத்தாருக்கு முன் ஒரு ஞாயிறு அழைப்பு வரவில்லை. அடுத்த ஞாயிறு எடுத்தது அவனுடைய மாமன். மத்தியானச் சாப்பாட்டுக்கு என்று கடையிலிருந்து இறங்கிப் போனவன் திரும்பி வரவில்லையாம். யார் கொண்டு போனது, எங்கே கொண்டு போனது, ஒன்றும் தெரியாது. ஒரு வான் வண்டி நின்றதாக ஒருவர் சொன்னாராம். பிறகு அவரே, தான் எதையும் காணவில்லை என்றாராம். மாமன் போகாத இடமில்லை.

எனக்கு அந்தச் செய்தி முழுதாக ஏறவில்லை. யாழ்ப்பாணத்திலும் அப்போது பெடியள் காணாமல் போய்க்கொண்டிருந்தார்கள். தெருவில் தெரிந்தவனைக் கண்டால் திரும்பிப் பார்க்காமல் நடக்கப் பழகியிருந்தோம். ஆனாலும் அவனை அந்தக் கூட்டத்தில் சேர்க்க என் மனம் ஒத்துவரவில்லை. எங்கள் வீட்டு மூலையில் கேசிங் வெறுமையாக நின்றது. அதைக் கடந்து போகும்போதெல்லாம் யாரோ உள்ளே இருந்து பார்ப்பது போலிருக்கும். அம்மா அதற்கு ஒரு சீலையைப் போட்டு மூடினார். மூடியது இன்னும் மோசமாகப் போயிற்று.

பிறகுதான் சாமான்கள் வரத் தொடங்கின.

தை மாதம் திருகோணமலையில் கப்பலுக்குக் காத்துக் கிடந்து வந்த ஒரு பெண் ஹாட் டிஸ்க்கைக் கொண்டுவந்து தந்தார். குழந்தைச் சட்டைக்குள் சுற்றியிருந்தது. “உங்கட சிநேகிதப் பெடியன் நல்ல பெடியன், என்ர பாக்கைத் தூக்கிக்கொண்டு வந்து பஸ்ஸிலை ஏத்திவிட்டவர்” என்றார். அவருக்கு ஒன்றும் தெரியாது. நான் சொல்லவும் இல்லை. மாசியில் ராம் வந்தது. அவன் இல்லாமல் போன பிறகும் அவனுடைய கையிலிருந்து ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தது. படலையில் ஆள் கூப்பிட்டால் வந்தவரின் கையைத்தான் முதலில் பார்ப்பேன்.

எல்லாவற்றையும் தன்னிடம் கொண்டுவந்து வைக்கும்படி அவனுடைய அம்மா சொல்லி அனுப்பினார். நான் அவரை அன்ரி என்றுதான் கூப்பிடுவேன். கேசிங்கைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு, நயினாதீவு வள்ளம் எடுக்கப் புங்குடுதீவுக்குப் போனேன். மடத்துவெளிப் பக்கம் கூரையும் கதவும் இல்லாத வீடுகள் இரண்டு பக்கமும் நின்றன. ஆட்கள் போய் எத்தனையோ வருசம். அன்றைக்கு அந்த யன்னல் ஓட்டைகளைப் பார்க்காமல் நேரே பார்த்து மிதித்தேன். குறிகாட்டுவான் இறங்குதுறையில் ஒரு கடற்படைக்காரன் கேசிங்கின் பக்கத் தகட்டைக் கழற்றச் சொன்னான். உள்ளே குனிந்து பார்த்தான்.

“கொம்பியூட்டர்? உள்ள எங்க?” என்றான், தெரிந்த தமிழில்.

பிறகு வரும் என்று சொன்னேன். அவன் சிரித்துக்கொண்டு போகச் சொன்னான்.

மற்றச் சாமான்களைப் பிறகு ஒவ்வொன்றாகக் கொண்டுபோனேன். அன்ரி எல்லாவற்றையும் அவனுடைய கட்டிலில் ஒரு வெள்ளைத் துணி விரித்து வைத்திருந்தார். மொனிற்றரும் கீபோட்டும் தவிர, இயங்குவதற்கு வேண்டியது எல்லாம் அதில் இருந்தது. பூட்டட்டோ என்று கேட்டேன். வேண்டாம், அவன் வந்து பூட்டட்டும் என்றார். அதற்குப் பிறகு என்னை இருத்தி, கொண்டுவந்தவர்களைப் பற்றிக் கேட்டார். எப்போது சாமானைக் கொடுத்தவன், என்ன சேட்டுப் போட்டிருந்தவன், மெலிந்திருந்தவனோ. நான் கேட்டு வைத்ததைச் சொன்னேன். அவர் அழவில்லை. நான் சொல்வதை ஒரு பிழையும் வராமல் மனதில் வைத்துக்கொள்வது போல உதடு அசைய இருந்தார்.

வைகாசியில் வேலணையில் இருந்து ஒரு பெரியவர் ஆள் அனுப்பினார். கண்ணுக்குச் சத்திரசிகிச்சை செய்யக் கொழும்புக்குப் போய், பாதையில்லாமல் நின்றுவிட்டு வந்தவர். அவர் தந்த கடதாசிப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே வீஜிஏ காட்.

அதை வாங்கியதாக அவன் எனக்குச் சொல்லவே இல்லை. மாமனுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவருக்கும் தெரியாது. அவன் காணாமல் போனபோது கையில் அவ்வளவு காசு இருக்கவில்லை என்றார்.

நான் அன்ரியிடம் போய் இதைச் சொன்னதும் அவர் சீலையை மாற்றிக்கொண்டு என்னோடு வள்ளத்தில் ஏறினார். வேலணையில் அந்தப் பெரியவர் முற்றத்துக் கதிரையில் இருந்தார். கப்பல் அனுமதிக்குக் காத்திருந்த ஆட்கள் தங்குகிற விடுதிக்கு ஒரு பெடியன் தேடி வந்ததாகச் சொன்னார். ஊர்காவற்றுறையில் இன்னாருடைய மகனிடம் கொடுங்கள் என்று என் ஐயாவின் பெயரைச் சரியாகச் சொன்னானாம். மெல்லிய பெடியன். தாடி இருந்ததோ இல்லையோ, வடிவாகத் தெரியவில்லை.

“எனக்கு அப்ப ஒரு கண் கட்டியிருந்தது, பிள்ளை” என்றார்.

இடது கண்ணை நத்தாருக்கு முதலும் வலது கண்ணைப் பொங்கலுக்குப் பிறகும் வெட்டியதாக அவர் முதலே சொல்லியிருந்தார். அன்ரி அதைப் பிடித்துக்கொண்டார். அவருடைய கதிரைக்குக் கிட்ட நிலத்தில் குந்தியிருந்து, மெதுவாகக் கேட்டார்.

“எந்தக் கண் ஐயா கட்டியிருந்தது?”

பெரியவர் வலது கண்ணைத் தொட்டார். பிறகு இடது கண்ணைத் தொட்டார். அந்த விடுதிக் கட்டிலில் எந்தப் பக்கம் சரிந்து படுத்தவர் என்று யோசித்தார், கண்ணை மூடினார், திறந்தார். இடது கண் என்றால் அவன் நத்தாருக்கு முதல், காணாமல் போகமுன் வந்தவன். வலது என்றால், காணாமல் போய்க் கிழமைக்கணக்கின் பின் வந்தவன். “ஏலாமல் கிடக்குது பிள்ளை. மழை பெய்தது. அதுதான் ஞாபகம்” என்றார் கடைசியில். இரண்டு காலத்திலும் மழைதான்.

திரும்பி வரும்போது வள்ளத்தில் அன்ரி கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தார். நான் ஆறுதலாக ஏதாவது சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

“அந்த மனுசனுக்குச் சரியா ஞாபகம் வராதது நல்லது, தம்பி. நீர் இனி அதைப் பூட்டும். அனுப்பினவன் பூட்டத்தானே அனுப்பினவன்.”

நெற் கபே பூட்டுப்பட்டபோது விற்ற பழைய மொனிற்றரையும் கீபோட்டையும் வாங்கிக்கொண்டு போனேன். பகல் முழுக்க அவனுடைய மேசையில் இருந்து பூட்டினேன். ஒவ்வொரு சாமானும் தன் இடத்தில் இலேசாக இறங்கியது. காட்டும் அப்படித்தான். பொழுதுபட்டுக் கரண்ட் வந்ததும் பொத்தானை அமத்தினேன். காற்றாடி சுற்றியது. ஹாட் டிஸ்க் புதியது, அதில் ஒன்றும் இருக்காது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கொண்டுபோன சீடியால் விண்டோஸை ஏற்ற முதல் அதற்குள் தேடினேன். ஒன்றும் இல்லை.

அன்ரி அவன் விளையாடுகிற விளையாட்டைப் பார்க்க வேண்டும் என்றார். நெற் கபேயில் இருந்து எடுத்துவந்த அதே கார் விளையாட்டைப் போட்டேன். பழக்கதோசத்தில் கை இரண்டு பேர் ஓடுவதைத் தெரிவுசெய்துவிட்டது. திரை பிரிந்தது. கீழ்ப் பாதியில் என் கார் புறப்பட்டுப் போனது. படம் எங்கேயும் விட்டுவிட்டு வரவில்லை, தண்ணீர் போல ஓடியது. மேல் பாதியில் மற்றக் கார் தொடக்கக் கோட்டில் இயந்திரம் உறுமிக்கொண்டு நின்றது. நான் ஒரு சுற்று முடித்து அதைக் கடந்து போனேன். அவனுடைய திரையில் என் கார் வந்து மறைவதைக் கண்டேன். நிற்பாட்டிவிட்டு ஒருவர் ஓடுவதாக மாற்றப் போனேன். அன்ரி என் தோளில் கை வைத்து, அது நிற்கட்டும் என்றார்.

அதற்குப் பிறகும் மாதத்தில் ஒரு தடவையாவது போய் ஓட்டினேன். அவர் பக்கத்துக் கதிரையில் இருக்கமாட்டார், கட்டிலில்தான் இருப்பார். கதிரை எனக்குப் பக்கத்தில் வெறுமையாக இருக்கும். வளைவுகளில் என்னையறியாமல் வலது முழங்கையை ஒடுக்கிக்கொள்வேன், அவனுக்கு இடிபடாமல்.

யுத்தம் முடிந்த வருசக் கடைசியில் பாதை திறந்தபோது அன்ரி கொழும்புக்குப் போக வேண்டும் என்றார். நான் கூட்டிக்கொண்டு போனேன். மாமன் எங்களுக்கு வீட்டில் சமைத்து வைத்திருந்தார். அன்ரி அங்கே சாப்பிடப் போகவில்லை. காலையிலிருந்து கடைக்கு முன்னால் ஒரு ஸ்டூலில் இருந்து ரோட்டைப் பார்த்தார். மத்தியானம் எழும்பி, அவன் சாப்பிடப் போகிற கடை எது என்று கேட்டார். மாமன் கையைக் காட்டினார். நான் கூட வர எழும்பினேன், வேண்டாம் என்றார்.

சனத்துக்குள் அவருடைய நீலச் சீலை போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு பஸ் வந்து மறைத்தது. பஸ் போன பிறகு சீலையைக் காணவில்லை. மாமன் என் கையைப் பிடித்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். கனநேரத்துக்குப் பிறகு அன்ரி வந்தார், கையில் ஒரு சோற்றுப் பாசலோடு. ஸ்டூலில் இருந்து மூச்சு வாங்கினார்.

“அந்தச் சாப்பாட்டுக் கடை இவ்வளவு கிட்டவே இருக்குது” என்றார்.