தம்பி தூளை விட்ட கதை

என் தம்பி துறைமுகத்தில் கிரேன் ஓட்டினவன். கூட்டாளிகளோடு சேர்ந்து ஹெரோயின் இழுக்கத் தொடங்கினான். எங்கள் கொட்டாஞ்சேனைப் பக்கம் அதைத் தூள் என்றுதான் சொல்வார்கள். வேலை போனது. அம்மா கோயிலுக்குக் கூட்டிப்போய் மாதா முன்னால் சத்தியம் வாங்கினா. அழுதுகொண்டே செய்த சத்தியம் அது, பொய்யில்லை. நடுக்கம், வாந்தி, எலும்பு நோவு எல்லாவற்றையும் வீட்டிலேயே படுத்துக் கடந்தான். மழைக்காலம் முழுக்கத் தொடவில்லை. பிறகு ஒருநாள் தேத்தண்ணிக் கடையில் யாரோ சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளை உரிப்பதைக் கண்டான். அப்படிப்பட்ட தாளில் வைத்துத்தான் தூளைச் சூடாக்கி இழுப்பது. அன்று பின்னேரமே திரும்பவும் போய்விட்டான்.

"மாதாவுக்கே பொய் சொன்னவன். இனி இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாது" என்றார் அப்பா.

நான் அவனை ஆஸ்பத்திரி கிளினிக்குக் கூட்டிப்போனேன். டொக்டர் ஒரு முஸ்லிம் பெண். தமிழிலேயே கதைத்தா.

"இவனுக்கு ரோசமே இல்லையா டொக்டர்?" என்று கேட்டேன்.

"ரோசத்தில இல்ல பிரச்சினை. சந்தோசத்துக்கும் நோவை அடக்கவும் மூளையே கொஞ்சம் கொஞ்சமா ரசாயனம் சுரக்கும். தூள் வந்து வெள்ளமாக் கொட்டினா, மூளை தன்ட வேலையைக் குறைச்சிரும். விட்ட பிறகு பழையபடி ஆகிறதுக்குக் காலம் எடுக்கும். அதுவரைக்கும் ஒண்டும் ருசிக்காது. வெள்ளித்தாளைக் கண்டாலே மூளை தூளைக் கேக்கும்."

பிறகு தம்பியைப் பார்த்தா. "கொஞ்ச நாள் விட்டுட்டுப் பழைய அளவை எடுத்தீங்கண்டா, உடம்பு தாங்காது. மூச்சு நிண்டிரும்."

வார்டில் வைத்துத் தூளை உடம்பிலிருந்து முழுக்க இறக்கினார்கள். அதன்பின் ஒரு மாத்திரை தந்தார்கள். மூளையில் தூள் போய் ஒட்டுகிற இடத்தை அது அடைத்துவிடுமாம், பிறகு இழுத்தாலும் ஏறாதாம். அவனை வெள்ளவத்தையில் என் வீட்டுக்கே கொண்டுவந்தேன். "பிள்ளைகள் இருக்கிற வீடு" என்று என் கணவர் தயங்கினார். "அவன் இங்கதான் இருப்பான்" என்றேன். நாள்தோறும் நான் ஒபிஸ் போகுமுன் என் கண்முன்னால் மாத்திரையை விழுங்கவைத்தேன்.

நான் ஒரு கிழமை முழுக்கக் காய்ச்சலில் கிடந்தபோது மாத்திரையை நிறுத்திவிட்டான். ஒரு பின்னேரம் கதவடியில் வந்து நின்றான்.

"அக்கா, நான் திரும்பப் போயிட்டன்."

"சொன்னியே, அது போதும். விடிய டொக்டரிட்டப் போவம்."

போனோம். மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம்.

இப்போது காலி வீதி என்கிற எங்கள் பெரிய ரோட்டில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்கிறான். கிளினிக் போவதை விடவில்லை. போன ஞாயிறு பூசை முடிந்து தம்பி வந்தபிறகு முதல்தடவையாக அப்பா என் வீட்டுக்கு வந்தார். உள்ளே வந்து உட்கார்ந்ததும் அவனைக் கேட்டார்:

"கிளினிக் எப்ப?"

"புதன்கிழமை."

"நானும் வாறன்."