வலப்பக்கத் தம்பி, இடப்பக்க அண்ணன்

மன்னருக்குக் கல்லறை குடையும் எங்கள் ஆட்கள் இரண்டு அணி. குகைக்குள் வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. அணிக்கு ஒரு தலைவர். வலப்பக்கத் தலைவர் ஹோர்மின் கண்ணை மூடியதும் அந்த இடம் மூத்த மகன் கென்னாவுக்குத்தான் என்று ஊரே நினைத்தது. கென்னா புதுத்துணிகூட நெய்யச் சொல்லியிருந்தான். ஆனால் அமைச்சரின் கடிதத்தில் இளையவன் பெந்தாவின் பெயர் இருந்தது. அவன் அமைச்சருக்கு அழகாகச் செதுக்கிய நாற்காலி ஒன்றை அனுப்பியிருந்தது பிறகுதான் தெரிந்தது.

"நாற்காலியைக் குடுத்து நாற்காலியை வாங்கிட்டான்," என்று சொல்லிவிட்டு, கென்னா உளியைத் தூக்கிக்கொண்டு எங்கள் இடப்பக்கத்துக்கு வந்துவிட்டான். நான் அங்கே சுதை பூசுகிறவன். எங்கள் தலைவர் நெப்ரேவுக்குப் பிள்ளை இல்லை. கென்னாவின் கைவேலையைப் பார்த்து அவனைச் சுவீகாரம் எடுத்தார். அவருக்குப் பின் கென்னா எங்கள் தலைவனானான்.

குகை விதானத்தின் நடுவே இரு அணியையும் பிரித்து ஓடும் சிவப்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தம்பி, இந்தப் பக்கம் அண்ணன். பேச்சு கிடையாது. பத்தாம் நாள் ஓய்வுக்கு வீட்டுக்குப் போனால் ஒரே பாயில் உட்கார்ந்து மீனும் வெங்காயமும் தின்பார்கள். சண்டையெல்லாம் அம்மா வெரெல் வழியாகத்தான்.

"அவன் சுவரு கோணலா போகுதுன்னு சொல்லும்மா."

"அவரு கண்ணுதான் கோணல்னு சொல்லும்மா."

"பக்கத்துல பக்கத்துல உக்காந்துக்கிட்டு எனக்கு எதுக்குடா தூது வேலை? முள்ளு பாத்துத் தின்னுங்க."

ஆறு வருடம் இப்படியே ஓடியது. பிறகு மன்னரைக் கிடத்தும் பெரிய அறைக்கு வந்தோம். பெந்தா ஒரு முழம் வெட்டினால் கென்னா ஒன்றேகால் முழம் வெட்டினான்; உடனே பெந்தா அதை எட்டிப்பிடித்தான். வரைபடத்தை யாரும் பார்க்கவில்லை. ஒருநாள் காலையில் அமைச்சரின் எழுத்தர் அளவுக்கயிற்றோடு வந்தார். அளந்தார்; மறுபடியும் அளந்தார். இரு பக்கமும் இரண்டிரண்டு முழம் கூடுதல்.

"யாரு சொல்லி இவ்வளவு வெட்டுனீங்க?"

தம்பியை மாட்டிவிட இதைவிட நல்ல வாய்ப்பு வராது. கென்னா தொண்டையைச் செருமினான்.

"நான்தாங்க முதல்ல ஆரம்பிச்சேன். தம்பி என்னைப் பாத்துத்தான் வெட்டுனான்."

"இல்லீங்க, முதல்ல வெட்டுனது நான்," என்றான் பெந்தா.

"போடா, உன் பக்கம் அப்போ தூசிகூட விழல."

"அண்ணே, அன்னைக்கு நீ வேலைக்கே வரல. வீட்டுல பீர் காய்ச்சிக்கிட்டு இருந்த."

எழுத்தர் சிரித்துவிட்டார். "நான் வந்ததே அகலப்படுத்தச் சொல்லத்தான்பா. மன்னரை வைக்கத் தெற்கேருந்து வந்த கல்பெட்டி, நெனச்சதைவிடப் பெருசு. இன்னும் ஒரு மாசம் ஆகும்னு பயந்துக்கிட்டே வந்தேன்."

அன்று இரு அணிக்கும் சேர்த்துப் பத்து ஜாடி பீர் வந்தது. அடுத்த ஓய்வுநாளில் வெரெலைப் பார்க்கப் போனேன். உள்ளே இரண்டு பேர் குரலும் கூரையைத் தூக்கிக்கொண்டிருந்தன.

"நேரா பேசிக்கிறாங்களே, சந்தோஷம்தானே அக்கா?"

"சந்தோஷந்தான். காதுதான் வலிக்குது," என்றாள்.

கென்னா பதினெட்டு வருடம் எங்களுக்குத் தலைவனாக இருந்தான். முதலில் வெட்டியது யார் என்பதில் மட்டும் அண்ணனும் தம்பியும் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை.