படம் அவன், வசனம் நான்

படக்கதைக்கு வசனம் எழுதுகிறவனுக்கு வாயை மூடிக்கொள்ளத் தெரிந்திருக்க வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை என்று சாக்குச் சொல்ல மாட்டேன். மூன்று பேர் சொன்னார்கள். நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நெருக்கடி நிலை அமலில் இருந்த காலம். செங்கல்பட்டில் பி.ஏ. கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். காலையில் படாளத்தில் பாசஞ்சர் வண்டியைப் பிடித்தால் முதல் வகுப்பு பாதி நடக்கும்போது போய்ச் சேரலாம். எங்கள் வீட்டில் எல்லோரும் அடுத்தவர் வயலில் கூலிக்கு நட்டு, கூலிக்கு அறுத்தவர்கள். எங்கள் தெருவிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதனால் தமிழையே எனக்குப் பட்டா போட்டுக் கொடுத்துவிட்டதாக நினைப்பு. நாலு வார்த்தையில் முடிகிற விஷயத்தை நாற்பது வார்த்தையில் சொன்னால்தான் படித்தவன் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

படம் போட்ட அவன் மாமல்லபுரத்துப் பையன். திருக்கழுக்குன்றம் வழியாக வரும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருவான். அவனுடைய அப்பா, அவன் கூப்பிடுவது அத்தா, அங்கே பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கடை வைத்திருந்தார். கடலுக்குப் போகிறவர்களுக்கான நைலான் கயிறு, தூண்டில் முள், அரிக்கேன் விளக்குக்குக் கண்ணாடி, இப்படிப்பட்ட சாமான்கள். வகுப்பில் என் பக்கத்து இடம் அவனுடையது. நோட்டின் முன்பக்கத்திலிருந்து பாடம் எழுதுவான், கடைசிப் பக்கத்திலிருந்து படம் போட்டுக்கொண்டே வருவான். எப்போதும் படம்தான் முக்கால் நோட்டைப் பிடித்துக்கொள்ளும். ஒருவர் சும்மா உட்கார்ந்திருப்பதை வரைந்தாலும், அந்த ஆள் யாருக்கோ காத்திருக்கிறார், வருகிறவர் இன்னும் வரவில்லை என்பது நமக்குத் தெரிந்துவிடும். எப்படித் தெரிந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அவன் அக்காவின் வீட்டுக்காரர் துபாயில் இருந்தார். அங்கே ஒரு கிடங்கில் இவனுக்கும் வேலை வாங்கித் தருவதாக எழுதியிருந்தார். ஒரு நாள் நான் கடையில் நிற்கும்போதே அவனுடைய அத்தா பேச்சை எடுத்தார்.

"பரீட்ச முடிஞ்சா நீ துபாய்க்குப் பொறப்படு. இல்ல, படம் போட்டுத்தான் பொழைப்பேன்னு சொன்னா, அதுக்குள்ள அதுல ஒரு வழி கீதுன்னு எனக்குக் காட்டு. வழி இருந்தா நானே வுட்டுர்றேன். நான் இன்னா உனக்கு எதிரியா?"

நியாயமான மனிதர். அவன் தலையை ஆட்டினான். அவனுக்கு உலகத்தில் வேண்டியிருந்தது படம் போடுவது ஒன்றுதான், அதற்குக் கெடுவும் வைத்தாகிவிட்டது.

நாமே ஒரு படக்கதைப் புத்தகம் போட்டு நாமே விற்றால் என்ன என்று முதலில் சொன்னவன் நான். அவன் உடனே ஒரு கதை சொன்னான். திருக்கழுக்குன்றம் சந்தையில் ஒருவர் ஆடு வாங்கிக்கொண்டு பஸ் ஏறுகிறார். ஆட்டுக்கும் டிக்கெட் எடு என்கிறார் கண்டக்டர். டிக்கெட் எடுத்தால் ஆட்டுக்கு சீட் கொடு என்கிறார் இவர். நான் சிரித்துவிட்டு, "இதையெல்லாம் எவனாவது புஸ்தகமா போடுவானா?" என்று கேட்டேன். என் கதையில் பல்லவ ராஜா இருந்தார், சிற்பி இருந்தார், கடற்கொள்ளைக்காரர்கள் இருந்தார்கள், எட்டுப் பக்கத்துக்குள் மூன்று சபதங்கள் இருந்தன. ராஜா கதையையே போடுவது என்று நான் முடிவு செய்தேன்.

அச்சகத்துக்குப் போக வசதியில்லை. கோர்ட்டுப் பக்கத்துச் சந்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் இருந்தது. அங்கே சைக்ளோஸ்டைல் மெஷின் உண்டு. மெழுகு பூசிய மெல்லிய ஸ்டென்சில் தாளில் இரும்பு முனைப் பேனாவால் கீற வேண்டும். கீறின இடத்தில் மெழுகு விலகி, அதன் வழியாக மை இறங்கிக் காகிதத்தில் பதியும். அவன் கை அதற்கென்றே செய்தது போலிருந்தது. முன்கூட்டிப் பென்சிலால் கோடு போடாமல் நேராகவே கீறுவான். ஒரே வளைவில் அலை வரும், இரண்டு கீறலில் கட்டுமரம் வரும். ஒவ்வொரு கட்டத்திலும் மேலே கொஞ்சம் இடம் விட்டு என்னிடம் தள்ளுவான். அந்த இடம் எனக்குப் போதவே இல்லை.

சிற்பி கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிற ஒரு கட்டம். "இங்க வசனம் வேணாம் மச்சான்," என்றான். "அவன் நிக்கறதே போதும்."

"நிக்கறதே போதும்னா அப்புறம் நான் எதுக்கு?" என்றேன்.

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கட்டத்தில் ஒன்பது வரி எழுதினேன். வானத்தில் தொடங்கி சிற்பியின் தோள்பட்டை வரைக்கும் வசனம் இறங்கியது.

இன்ஸ்டிடியூட்காரர் ஸ்டென்சில்களை வெளிச்சத்தில் பிடித்து ஒரு வரி விடாமல் படித்தார். அரசாங்கத்தைப் பற்றி எதுவும் இருந்துவிடக் கூடாதே என்கிற பயம் அவருக்கு. படித்து முடித்ததும் பயம் போய் அலுப்பு வந்துவிட்டது.

"இன்னா தம்பி, உன் ராஜா பேசிகினே கீறாரு? நடுவுல மூச்சு வுடமாட்டாரா?" என்றார். பிறகு என் எழுத்தின் மேல் விரலை வைத்தார். "இவ்ளோ பொடியா எழுதக்கூடாது. சுழி போட்ட எழுத்தெல்லாம் வட்டமா அறுந்து வுழுந்துரும். அப்பால மை கொட்டிக்கும். பெருசா எழுது. கொஞ்சமா எழுது."

"பெருசா எழுதினா வசனம் அடங்காது அண்ணாத்த."

"அப்ப வசனத்தக் கொற."

ஒரு எழுத்தைக்கூடக் குறைக்கவில்லை. டைப் அடிக்கிறவருக்கு இலக்கியம் எங்கே தெரியப்போகிறது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

மெஷினைச் சுற்றச் சுற்ற அவர் சொன்னதே நடந்தது. முதல் பத்துத் தாளில் எழுத்து ஓரளவுக்கு நின்றது. அதற்கப்புறம் சுழிகள் ஒவ்வொன்றாக விழுந்தன, விழுந்த ஓட்டைகளில் மை இறங்கியது. முப்பதாவது தாளில் ராஜாவின் முதல் சபதம் கறுப்புத் திட்டாகிவிட்டது. நூறு தாண்டியபோது எல்லோர் தலைக்கு மேலும் கறுப்பு. படம் மட்டும் கடைசித் தாள் வரைக்கும் அப்படியே வந்தது. நான் மையைத் திட்டினேன், ஸ்டென்சிலைத் திட்டினேன், மெஷினை ஏன் அவ்வளவு வேகமாகச் சுற்றினீர்கள் என்று இன்ஸ்டிடியூட்காரரிடம் சண்டைக்குப் போனேன். அவன் ஒரு தாளைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"கடலு நல்லா வந்துருக்கு மச்சான்," என்றான். என்னைக் குற்றம் சொல்லி ஒரு வார்த்தை வரவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

விற்கிற வித்தையும் எங்களுக்குத் தெரியாது. வகுப்பில் ஒருவன் ஒரு பிரதி வாங்கி, தாராள மனசோடு மொத்த வகுப்புக்கும் சுற்றுக்கு விட்டுவிட்டான். அதற்கப்புறம் யார் வாங்குவார்கள்? ரயில்வே ஸ்டேஷன் புத்தகக் கடைக்காரர் ஒரு பக்கத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஒட்டிய மையைத் தூணில் துடைத்துக்கொண்டார். பரீட்சைக்கு ஆறு வாரம்தான் இருந்தது. மிச்சப் பிரதிகள் என் பையில் கனத்தன.

ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரத்துக்கு மெட்ராஸிலிருந்து ஜனம் வரும், அங்கே விற்றுப் பார்க்கலாம் என்றான் அவன். கடற்கரைக் கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு சவுக்கு மரத்தடியில் பிரதிகளைப் பரப்பினோம். காற்றில் பறக்காமலிருக்க, சிலை செதுக்குகிற பட்டறையிலிருந்து கல்சில்லு பொறுக்கி வந்து ஒவ்வொன்றின் மேலும் வைத்தான். கூவி விற்க அவனுக்குக் கூச்சம். நான்தான் கூவினேன். ஒரு வெள்ளைக்காரர் எங்களைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார். அவர் வாங்கவில்லை.

சாயங்காலம் மனைவி, குழந்தைகளோடு ஒருவர் வந்தார். சின்னப் பெண் ஒரு பிரதியைத் தூக்கிக்கொண்டு ஓடவே, அதை வாங்கித் திருப்பி வைக்கக் குனிந்தவர் அப்படியே நின்று புரட்ட ஆரம்பித்தார். எட்டுப் பக்கத்தையும் பார்த்துவிட்டு மறுபடி முதலிலிருந்து பார்த்தார்.

"இது என்னப்பா, எல்லார் தலைக்கு மேலயும் மழை மேகம்?"

"அது வசனம் சார்," என்றேன்.

சிரித்தார். "படம் யார் போட்டது?"

அவன் கையைத் தூக்கினான், வகுப்பில் ஆஜர் சொல்வதைப் போல.

சென்னையில் ஒரு வாரப் பத்திரிகையில் வேலை செய்வதாகச் சொன்னார். குழந்தைகள் பகுதிக்குப் படம் போட ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்களாம். "வர வியாழக்கிழமை ஆபீசுக்கு வா. நாலஞ்சு படம் கொண்டா. எழுத்தே இல்லாம கொண்டா, படம் மட்டும் போதும்." எங்கள் புத்தகத்தின் பின்னட்டையிலேயே விலாசம் எழுதி அவனிடம் நீட்டினார். நான் நடுவில் கையை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

"நாங்க ரெண்டு பேரும் சேந்துதான் சார் செய்வோம்," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "அது உங்க இஷ்டம்," என்று சொல்லிவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனார்.

பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பும்போது அவன் ஏறக்குறைய ஓடினான். அத்தாவின் கடை எதிரில் தெரிந்தது. நான் அவன் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"இப்ப சொல்லாத. ரெண்டு பேரும் போய்ப் பாத்துட்டு வந்து சொல்லலாம். அந்தாளு இன்னா ஆளோ, நம்மளப் பிரிக்கப் பாக்கறாரு. நான் புதுசா ஒரு கதை எழுதறேன். அத எடுத்துகினு சேந்து போவலாம்."

"வியாழக்கெழம வரச் சொன்னாரே?"

"ஒரு வாரம் தள்ளிப் போனா குடியா முழுகிடும்?"

அவன் கொஞ்ச நேரம் கடையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, "செரி மச்சான்," என்றான். விலாசம் என் பையில் இருந்தது.

வியாழக்கிழமை நான் கல்லூரிக்குப் போகவில்லை. ரயிலேறி சென்னைக்குப் போனேன். தனியாக. நான் எழுதிய மூன்று கதைகள் கையில் இருந்தன. ஏன் போனேன் என்பதற்கு அப்போது என்னென்னவோ காரணம் சொல்லிக்கொண்டேன். இப்போது ஒரே வார்த்தை போதும்: பொறாமை. என் எழுத்து கறுப்பு மையாகக் கொட்டிக்கிடந்ததை நன்றாகத் தெரிந்துகொண்டே அந்த மனிதர் சிரித்தார். அவன் கோட்டுக்கு விலாசம் எழுதிக் கொடுத்தார். எங்கள் தெருவில் எழுதத் தெரிந்த ஒரே ஆள் நான் என்பதை அவருக்குக் காட்டிவிட வேண்டும் என்று இருந்தது.

அவர் என்னை உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார். கதையின் முதல் பக்கத்தில் பாதி படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"நெறைய எழுதறே தம்பி. படிக்கறவனுக்கும் கொஞ்சம் விட்டு வை," என்றார். அப்புறம், "அந்தப் பையன் எங்க?"

"அவன் துபாய் போறான் சார்," என்றேன். "அவனுக்கு இதுல இஷ்டமில்ல."

வாயில் அப்படித்தான் வந்தது. முதல் பாதி இன்னும் முடிவாகாதது, இரண்டாவது பாதி பச்சைப் பொய். அவர் அடடா என்றார். மேஜை மேல் அவனுக்காக ஒரு கதைத்தாள் எடுத்து வைத்திருந்தார், அதை இழுப்பறைக்குள் தள்ளி மூடினார். அந்த நிமிஷத்திலாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். டீயைக் குடித்து முடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

அவனிடம் காய்ச்சல் என்று சொன்னேன். அடுத்த வாரம் போகலாம் என்றேன். அடுத்த வாரம், புதுக் கதை இன்னும் முடியவில்லை என்றேன். அவன் இரண்டு தடவை கேட்டான், மூன்றாவது தடவை கேட்கவில்லை. பரீட்சை வந்தது, முடிந்தது. "இன்னாடா, உன் படம் இன்னா ஆச்சு?" என்று அத்தா கேட்டாராம். ஒண்ணும் ஆவல என்றானாம். அவரே பாஸ்போர்ட்டுக்கு மனு வாங்கி வந்து கொடுத்தார்.

துபாயில் சாமான் வந்ததையும் போனதையும் நோட்டில் எழுதுகிற வேலை. நாலைந்து வருஷம் கடிதம் வந்துகொண்டிருந்தது. எழுத்து மட்டும்தான் இருக்கும், ஓரத்தில் ஒரு கோழி, ஒரு காக்கைகூட வரைந்திருக்க மாட்டான். இப்போதெல்லாம் வரைகிறாயா என்று ஒரு தடவை கேட்டு எழுதினேன். அதற்கு மட்டும் பதில் எழுதவில்லை.

அவன் புறப்பட்ட நாளைச் சொல்லி முடித்துவிடுகிறேன். துபாய்க்கு விமானம் பம்பாயிலிருந்துதான், பம்பாய்க்குப் போக சென்னையில் வண்டி பிடிக்க வேண்டும். செங்கல்பட்டு ஸ்டேஷனில் காலை வண்டிக்கு நின்றிருந்தோம். அத்தா டிக்கெட் வாங்கப் போயிருந்தார். அவன் புதுச் சட்டை போட்டிருந்தான்.

"அந்த விலாசம் எனக்குத் தெரியும் மச்சான்," என்றான் திடீரென்று. "அவரு எழுதும்போதே படிச்சிட்டேன். மனப்பாடம்."

"அப்ப ஏன் போகல?" என்றேன்.

"போலாம்னு ஒருநாள் பஸ் ஏறிட்டேன். பாதி வழில எறங்கிட்டேன். ரெண்டு பேரும் சேந்துதான் செய்வோம்னு நீ அவராண்ட சொல்லிட்டே. நான் மட்டும் போய் நின்னா உனக்கு எப்டி இருக்கும்?"

வண்டி வந்துவிட்டது. அத்தா பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தார். அவன் ஏறி ஜன்னலுக்கு வந்தான்.

"லீவுல வரும்போது ரெண்டு பேரும் போய்ப் பாப்போம். அவரு நம்மள ஞாபகம் வெச்சிருப்பாரு இல்ல மச்சான்?"

"வெச்சிருப்பாரு," என்றேன்.