ஏழாவது ஆள்

நாட்டில் அறிவியலும் தொழில்நுட்பமும் எந்தப் பக்கம் போகவேண்டும் என்று அரசாங்கத்துக்கு யோசனை சொல்லும் குழு அது. அதில் ஓய்வுபெற்ற மண்ணாராய்ச்சிக்காரர் ஒருவர் உறுப்பினர். மற்றவர்கள் அவர் காதுபடவே 'மண்ணு சார்' என்பார்கள். ராக்கெட், அணு என்று பேசுகிற மேஜையில் மண்ணுக்கு என்ன மரியாதை? அவர் வாயைத் திறந்தால் எல்லோருக்கும் பிஸ்கட் தட்டு ஞாபகம் வந்துவிடும்.

பிறகு ஏன் வைத்திருந்தார்கள்? ஏழு பேர் இருந்தால்தான் கூட்டம் செல்லும். பெரிய மனிதர்கள் வெளிநாட்டில் இருப்பார்கள், இவர் வீட்டில் இருப்பார். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அந்த வீட்டில் பேசுவது டிவி மட்டும்தான். மகள் எப்போதாவது கூப்பிட்டு, "சாப்பிட்டீங்களாப்பா?" என்பாள். பதில் சொல்வதற்குள் அவளுக்கு வேறு அழைப்பு வந்துவிடும். அதனால் குழுச் செயலாளர் ஃபோன் செய்தால் போதும், மனிதர் அன்றைக்கே சட்டைக்கு இஸ்திரி போட்டுவிடுவார்.

அன்று வந்தது சரியாக ஏழு பேர். பேச எடுத்தது, அவர் ஆயுசெல்லாம் உழைத்த மண்ணாராய்ச்சி நிலையத்தை மூடும் விஷயம். இன்று முடிவாகாவிட்டால் இந்த வருஷம் நிலையம் தப்பித்துவிடும். இவர் எதிர்த்துப் பேசிப் பார்த்தார். பிஸ்கட் தட்டு நகர்ந்தது. அப்போதுதான் உறைத்தது: தன் பேச்சுக்குத்தான் இங்கே மதிப்பில்லை, உட்கார்ந்திருக்கும் உடம்புக்கு இருக்கிறது. விருட்டென்று எழுந்து வெளியே போய், வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

செயலாளர் பின்னாலேயே ஓடிவந்தார். மிரட்டவில்லை. கையைப் பிடித்துக்கொண்டார்.

"உள்ள வாங்க சார். நீங்க இல்லாம முடியாது."

 இதை அவரிடம் யாராவது சொல்லி எத்தனை காலம்! மனைவி இருந்தவரை சொல்வாள், ஒரு பாட்டில் மூடியைத் திறக்கக்கூட. இந்த ஆள் எதற்காகச் சொல்கிறான் என்று தெரியாத மடையரா அவர்? நன்றாகத் தெரியும்.

"இன்னொரு தடவ சொல்லுங்க," என்றார்.

"நீங்க இல்லாம முடியாது சார்."

எழுந்து உள்ளே போனார். "எனக்குச் சம்மதமில்ல," என்றார். அதையும் மரியாதையாக எழுதிக்கொண்டார்கள். ஆறுக்கு ஒன்று. நிலையத்தை மூட முடிவாயிற்று.

கூட்டம் முடிந்ததும், சும்மா இரண்டு வார்த்தை பேசலாம் என்று செயலாளரைத் தேடினார். அவர் தலைவருடன் லிஃப்டில் நின்றிருந்தார். கதவு மூடிக்கொண்டது.

படியில் இறங்கும்போது நம் மனிதருக்கு ஒரே ஒரு கவலைதான் இருந்தது. சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. அடுத்த கூட்டம் எப்போது என்று கேட்காமல் விட்டுவிட்டோமே என்பதுதான் அது.