பத்து மணிக்கு முந்தைய பதிவு

எங்கள் தரமணி அலுவலகத்தில் ஒரு காலை மூன்று சர்வர்களும் படுத்துவிட்டன. பத்து மணிக்கு நண்பன் செல்வம் ஓட்டிய புரோகிராம்தான் காரணம் என்றார் மேலாளர்.

அவற்றின் லாக்கை, அதாவது நேரவாரியான பதிவுக் கோப்புகளை, ஒரே கட்டளையில் இணைத்து, அவர் கேட்டபடி பத்து முதல் பதினொன்று வரை மட்டும் நறுக்கி அனுப்பினேன். இடத்தை அடைக்குமே என்று மூலக் கோப்புகளை அழித்தேன். அது என் பழக்கம்.

அப்புறம்தான் செல்வம் ஓடி வந்தான். "பத்துக்கு முன்னாடியே சர்வர் திணறிக்கினு இருந்திச்சு மச்சி. லாக்ல கீது, எடுத்துக் காட்டு."

அழித்ததை மீட்கத் தட்டுவதற்கு என்னிடம் ஒரு கட்டளையும் இல்லை.

"தேடிப் பாத்துட்டேன், பத்துக்கு முன்னாடி பதிவு இல்ல சார்" என்றேன் மேலாளரிடம், செல்வத்தின் எதிரிலேயே. அழித்தது நான் என்று சொல்ல வாய் வரவில்லை.

செல்வத்தை வேலையிலிருந்து தூக்கிவிட்டார்கள். கிளம்பும்போது என் தோளைத் தட்டினான். "எனக்காகத் தேடிப் பாத்த பாரு, அது போதும் மச்சி."

நான் தேடவே இல்லை.