தூக்காத கேம்பர்

அமெரிக்காவின் ஆரிகனில் மழை தொடங்குமுன் வருடாவருடம், வண்டிவீடுகள் நிற்கும் முகாமில் எங்கள் பக்கத்து இடத்து வெர்ல், தன் பிக்கப் வண்டியின் பின்தளத்திலிருந்து, அவர்கள் குடியிருக்கும் பெட்டிவீடான கேம்பரை ஜாக்கியால் தூக்கி, அடியில் போட்டிருக்கும் ரப்பர் விரிப்பை வேலியில் காயவைப்பார். ஈரம் தங்கினால் கேம்பரைத் தாங்கும் வண்டியின் தளத்தகடு துருப்பிடித்துவிடும்.

இந்த வருடம் விரிப்பு வேலிக்கு வரவில்லை. அவர் மனைவி ஓபல் இடுப்பெலும்பு முறிந்து, ஆஸ்பத்திரியிலிருந்து வந்து கேம்பருக்குள் படுத்திருக்கிறாள். கேம்பர் சற்று அசைந்தாலும் வலியில் துடிக்கிறாள்.

“எங்க கேம்பர்ல வந்து படுத்துக்கட்டுமே,” என்றேன் தயங்கி.

“அசையவே மாட்டேங்குறாம்மா,” என்றார் வெர்ல்.

உள்ளிருந்து ஓபலின் குரல் வந்தது. “தகடு போனா வேற தகடு போடலாம் கிழவா. இடுப்புக்கு எங்க போவே?”

“மறுபடி ஆஸ்பத்திரி போற வழியில தகடு விட்டுச்சுன்னா, நீயும்தான்டி சேந்து விழுவே.”

கேம்பர் இன்னும் வண்டி மேலேயே இருக்கிறது. அடியில் சொட்டும் தண்ணீர் இப்போது செம்பழுப்பாக இருக்கிறது.